பொட்டு மட்டும் வைத்த போல்ட்

பத்தாம் நம்பர் ஸ்பானரும் கையுமாக வளர்ந்து அந்தப் பெயரையே வாங்கிக்கொண்ட அன்பு மகள் பத்தாம் நம்பருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு என்ன குறை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், அதில் சம்பந்தியை நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் அவசரமாக நினைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் படிக்கட்டைத் திட்டுகிறாள். ஒர்க்‌ஷாப் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்கிறது என்று சொன்னேனே, அதைச் சரி செய்துவிட்டேன், ஊரார் வண்டியெல்லாம் முடிந்த பிறகுதான் நம் ஷட்டருக்கு முறை வந்தது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். மீதியைப் போனில் சொன்னால் நடுவில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், எனக்கும் குரல் நேராக வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீயும் உன் மாமனாரும் அந்தப் பழைய இரண்டு கதவு காரை வாங்கி ரேஸ் ஓட்டப் பாதைக்குத் தயார் செய்கிறீர்கள் என்று நீ முதலில் சொன்ன நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது. போட்டி இல்லை, பரிசு இல்லை, ஒரு நாள் முழுக்க அவரவர் சொந்த வண்டியை அந்தப் பாதையில் ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றாய். முப்பத்தெட்டு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவனுக்கு அந்த ஆசை இருக்காதா? பின்சீட்டையும் தரைவிரிப்பையும் பிடுங்கி எறிந்து எடையைக் குறைத்தோம் என்றாய், வண்டி உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் கூண்டு வைத்தோம் என்றாய், பழைய பிரேக் ஆயிலை எடுத்துப் புதுசு சேர்த்தோம் என்றாய், ஒவ்வொன்றிலும் இந்த 'தோம்' என்பதுதான் என்னைக் குத்தியது. பல் பிடுங்குகிற மனிதர் அவர், பிஸ்டன் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்கு என்ன தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவருக்குத் தெரியலைன்னுதான் உங்க பொண்ணுகிட்ட கத்துக்கறாரு, நீங்க யார்கிட்டயாவது எதையாவது கத்துக்கிட்டதுண்டா?" என்றாள். அவளுக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது, இங்கே எனக்கென்று ஒரு ஆள் கிடையாது.

நீ பதினாறு வயதில் கேட்டது எனக்கு மறக்கவில்லை. ஒர்க்‌ஷாப் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு வைத்திருந்த அந்தப் பச்சை வண்டியை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தயார் செய்யலாமா என்றாய், நான் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷமும் பார்க்கலாம் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்து கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டேன், அன்றைக்கு நீ தார்ப்பாயை மடித்து வைத்தாய். அந்த இடத்தில் இப்போது ஒரு டாக்டர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, உன் பக்கத்தில் கிரீஸ் படிந்த கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு தடவை நீ வரச் சொல்லிக் கூப்பிட்டும் வேலை அதிகம் என்று சொன்னேனே, சுத்தப் பொய். அவர் நிற்கிற இடத்தை நேரில் பார்க்கப் பிடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்புகிற போட்டோக்களை நான் ரசிப்பதற்காகப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, அவர் எங்கேயாவது கோட்டை விட்டிருப்பாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். "இப்படி இழுத்தா போட்டோவே கிழிஞ்சிடும்" என்று அம்மா கிண்டல் செய்தாள். கூண்டு வெல்டிங்கில் குறை சொன்னேன், நீ போய்ப் பார்த்து அது வெறும் நிழல் என்றாய். ரேடியேட்டர் பைப்பில் குறை சொன்னேன், அதுவும் இல்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், நான் ஆடத் தெரிந்தும் கூடத்தைக் கோணல் என்று சொல்லித் திரிந்தேன். போன செவ்வாய்க்கிழமை மதியம் வேலை இடத்திலிருந்து நீ ஒரு படம் அனுப்பினாய், பிரேக் ஆயில் போகிற புது ஹோஸைக் காட்டுவதற்காக முன்சக்கரத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கமிருந்து சம்பந்தி எடுத்தது. ஹோஸில் ஒரு குறையும் இல்லை, ஏமாற்றமாக இருந்தது. அப்புறம்தான் சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் காலிப்பரைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டையும் பார்த்தேன். இரண்டின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு இருந்தது. கோடு இல்லை. ஆனால் சக்கரம் மாட்டியிருந்தது.

விஷயம் என்ன என்று உனக்கு இப்போதே புரிந்திருக்கும். பத்து வயதில் நீ பாதி வேலையில் இருக்கும்போதே அம்மா சாப்பிடக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போவாள், திரும்பி வந்தால் எதை இறுக்கினோம் எதை விட்டோம் என்று இரண்டு பேருக்கும் குழப்பம் வரும், அதற்காக நான் வைத்த வழக்கம் அது. கையால் திருகியதற்கு ஒரு பொட்டு, ஸ்பானர் போட்டு முழுதாக இறுக்கிய பிறகு போல்ட் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு கோடு. அந்த ஒர்க்‌ஷாப்பில் நம் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது, அதனால் அதை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் உனக்கும் வந்ததில்லை எனக்கும் வந்ததில்லை. நீ பொட்டு வைத்துவிட்டு எதற்கோ எழுந்து போயிருக்கிறாய், அவர் பொட்டைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று சக்கரத்தை மாட்டியிருக்கிறார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பொட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். மாட்டினார் டாக்டர் என்று தொடையில் தட்டினேன். அது ஒரு மூச்சு நேரம் இருக்கும். அடுத்த மூச்சில், அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் வளைவில் பிரேக்கை மிதிக்கப் போகிறவள் யார் என்று உறைத்தது, உடனே போனை எடுத்தேன். பெற்ற மகளின் உயிர் போகிற இடத்தைப் பார்த்துத் தொடை தட்டிய அப்பன் வேறு எங்காவது உண்டா? அன்று முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ வேலையில் இருக்கிற நேரம் அது, போனை எடுக்கவில்லை. சம்பந்திக்கு அடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் நானாக அவருக்கு அடித்த முதல் போன். நல்லா நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று தயார் செய்துதான் வைத்திருந்தேன், ஆனால் இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை, போனைத் தரையில் வைத்துவிட்டு ஜாக்கியைப் போடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "மேல் போல்ட் விரல்லயே ஒண்ணரை சுத்து வந்துடுச்சு சம்பந்தி" என்றார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார், எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அது உண்மையில்லை, பாதி உன்னுடையது, மீதி என்னுடையது. அப்புறம்தான் கேட்டார், "அந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று.

உன் வீடு, உன் ஞாயிற்றுக்கிழமை, உன் 'தோம்' எல்லாம் அவருக்குப் போய்விட்டது, இது ஒன்றுதான் உனக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருந்தது, அவ்வளவு தூரம் போயும் நீ அதை விடவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், தெரிந்த பத்தாவது நிமிஷம் அதையும் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்துவிட்டேன். எழுதி வைத்துக்கொண்டார், பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தேடி, என்ஜினைத் தாங்குகிற இடத்தில் பொட்டு மட்டும் வைத்த இன்னொரு போல்ட்டையும் கண்டுபிடித்து மாலையில் எனக்கே சொன்னார். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார். நானே எழுதுகிறேன், அதுவரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், இதுவரை நீ என்னைக் கூப்பிட்டு அழவில்லை என்றால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தக் கண்ணாடி நல்ல யோசனை, எனக்கு முப்பத்தெட்டு வருஷத்தில் தோன்றவில்லை, இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாரம் சீட்டும் பெல்ட்டும் மாட்டப்போவதாகச் சொன்னாய். மாட்டு. ஆனால் பெல்ட்டைத் தரையோடு பிடிக்கிற நாலு போல்ட்டையும் கையால் திருகிப் பொட்டு மட்டும் வைத்து விட்டுவிடு, யாரும் ஸ்பானர் போட வேண்டாம், வண்டி ஷெட்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. ஓட்ட நாளுக்கு முந்தின வியாழக்கிழமை காலை நானும் அம்மாவும் வந்து இறங்குகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்த நாலு கோடும் நான் போடுவேன். சம்பந்தி பக்கத்தில் நிற்கட்டும், கண்ணாடி பிடிக்கட்டும், சரியான அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சத்தம் போடுகிற அவருடைய அந்தப் புது டார்க் ரெஞ்சைக்கூட வாங்கிக்கொள்கிறேன். பெயிண்ட் டப்பாவை மட்டும் அவர் தொடக் கூடாது.

தீர்க்காயுசாக, எந்த வளைவிலும் கை நடுங்காமல் இரு. மாப்பிள்ளைக்கு வளைவில் தலை சுற்றும், அவரைப் பக்கத்தில் உட்கார வைக்காதே. அந்த சீட்டில் யார் உட்காருவது என்று நான் கேட்கவில்லை, வியாழக்கிழமைக்குள் நீயே யோசித்து வை.

இப்படிக்கு,
இன்னும் பொறாமை தீராத
உன் அப்பா