வயலுக்கு வெளியே விளைந்த கோதுமை

நாள் 212 — 09:10
வழக்கமான பதிவு. செவ்வாய்க் கோள், இரண்டாம் வயல் கூடாரம். எழுதுவது மாதங்கி, விளைச்சல் வரைபடப் பொறுப்பு. கோதுமை அறுவடை முடிந்தது. அறுவடை வண்டியின் எடையுணரி தந்த அளவுகளை வைத்து வரைபடம் தயார். மேற்கு ஓரம் இருபத்தொரு மீட்டர் சிவப்பு, விளைச்சலே இல்லை. கிழக்கு எல்லையைத் தாண்டி, வெறும் தளத்தில், கொஞ்சம் தானியம் கிடைத்ததாகச் சில புள்ளிகள். கருவிப் பிழை. அழித்துவிட்டேன். பரிந்துரை: அடுத்த போகத்தில் மேற்குக்குத் தண்ணீர் நிறுத்தம், அந்தத் தண்ணீரும் கிழக்குக்கே. கப்பல் வரும்வரை முப்பத்தொரு பேருக்கும் இந்த வயல்தான் ரொட்டி.

நாள் 240 — 07:35
தண்ணீர் பாய்ச்சும் இசக்கியப்பன் அண்ணாச்சி, சிவப்புப் பகுதியில் இரண்டு வரிசைக்குக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். வானொலியில் கேட்டேன்.
"போன தடவ மேக்கதாம்மா கதிரு தலையே நிமிரல, அம்புட்டு பாரம். நான் வண்டிலதான இருந்தேன். உன் படத்துக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"
"கண்ணுக்கு எடை தெரியாது, அண்ணாச்சி" என்றேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. குடியிருப்புச் சபைக்குப் புகார் அனுப்பினேன். நாளை அவரைக் குடியிருப்புக்குத் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். அவர் திறந்த குழாய் சான்றாக அப்படியே இருக்கட்டும்.

நாள் 281 — 16:20
கிழக்கில் இரு மடங்கு தண்ணீர் விட்டும் கதிர் சரியாகப் பிடிக்கவில்லை. அடியில் பாறை. மேற்கு காய்ந்துவிட்டது. சான்றுக்காக விட்டுவைத்த இரண்டு வரிசை மட்டும் இடுப்பளவு நிற்கிறது.

நாள் 282 — 08:15
வெட்டிய கதிர் எடையுணரியை வந்தடையப் பதினான்கு விநாடி ஆகும். வரைபடம் போடும்போது அதைக் கழிக்க வேண்டும். அந்தத் தாமதத்தைக் குறிக்கும் கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறது. நான் இட்டது. வண்டி எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். பதினான்கு விநாடியில் இருபத்தொரு மீட்டர். மேற்கை அறுத்தபோது தானியம் இன்னும் உணரிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எல்லைக்கு வெளியே நான் அழித்தது பிழையை அல்ல. பிழையைக் காட்டிக்கொடுத்த ஒரே தடயத்தை.

நாள் 283 — 11:00
சபையின் செய்தி: "இசக்கியப்பன் தண்ணீரைத் திருப்பியதே சேதத்துக்குக் காரணம். அவருடைய உணவுப் பங்கு பாதியாகக் குறைக்கப்படும். உறுதிசெய்யவும்."
மறுப்பை நான்கு முறை எழுதி அழித்தேன். பிறகு உறுதிசெய்தேன்.

நாள் 285 — 11:40
வானொலியில் அண்ணாச்சி.
"மாதங்கி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. படம் பொய் சொல்லாது, எனக்குத்தான் கண்ணு மங்கிட்டுன்னு சபையில சொல்லிட்டேன். பாதி பங்கு எனக்குப் போதும். அந்த ரெண்டு வரிசை எப்படி இருக்கு?"


11:52
எல்லா அலைவரிசைகளையும் திறந்துவிட்டேன். முப்பது பேரும் கேட்கிறார்கள். இந்தக் குறிப்பேட்டை வாசிக்கப்போகிறேன், ஒரு சொல் விடாமல்.

நாள் 212. வழக்கமான பதிவு.