லோயர் கேம்பில் நிறுத்திய வாழை லோடு

எங்கள் பேச்சில் இன்னும் தினம் வந்துபோகும் பாண்டி மச்சானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கொச்சியில் புதுத் துறைமுகம் கட்டுவதை நேரில் பார்த்துவிட்டு வந்து மார்க்கையன்கோட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தீர்களே! "பாண்டி அண்ணன் இனிமே கடலுக்குள்ளதான் வாழை நடுவாக" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். முப்பது வருடம் செய்தி எழுதியவன். ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் கட்டுகிற துறைமுகத்தால் நமக்கு என்ன என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் பார்த்த அந்தக் கொச்சி வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் அதை நம்பி ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் இப்போதே மலை இறங்கி வந்துவிட்டார்கள். சின்னமனூர் பக்கம் வாழைக்காயைக் கழுவி அட்டைப்பெட்டியில் அடுக்கும் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பழைய துறைமுகம் வழியாக ஒரு லோடு அனுப்பிப் பார்ப்போம் என்றார்கள். துபாயில் பச்சையாக இறங்கினால் நம் ஊர்க் காயைத் தொடர்ந்து எடுப்பார்கள். பழுத்து இறங்கினால் அத்தோடு சரி. அந்த முதல் லோடு யாருடையது தெரியுமா? செல்வி அக்காவுடையது. நீங்கள் நட்ட தோட்டத்துக் காய்.

லோடு கிளம்பும் முன் பழச் சீப்பில் ஊதுபத்தி குத்திச் சாமி கும்பிடுவோமே, அக்கா அதை விடவில்லை. வழக்கமாக டிரைவர் பக்கத்தில் வைக்கும் அந்தப் பழத் தட்டை, "சரக்கு இருக்குற எடத்துலதான சாமி இருக்கணும்" என்று கண்டெய்னருக்குள் வைத்தாள். நான் படம் எடுத்தேன். கம்பெனியின் மலையாளி சூப்பர்வைசர் ஜோசப் கொட்டகைக்குள் காகிதங்களில் மும்முரமாக இருந்தார். பத்தி அணைந்தது. கதவை மூடி சீல் வைத்து, லாரியும் கிளம்பிவிட்டது.

அரைமணி நேரம் கழித்துக் கேமராவில் படத்தைக் காட்டினேன். அக்கா முகம் மாறிவிட்டது.

"ஏலே, உள்ள இருந்த பழத்த யாருடா எடுத்தா?"

"யாரும் எடுக்கலயேக்கா."

"போச்சுடா! வீட்டுல காயப் பழுக்க வைக்கணும்னா ஒரு பழத்தப் போட்டு மூடி வைக்கிறவ நானு. கப்பல்ல போற காய்க்கும் அதையே செஞ்சுட்டேனே!"

லாரியில் போய்க்கொண்டிருந்த ஜோசப்புக்குப் போன் செய்து, மலை ஏறும் முன் லோயர் கேம்பில் நிறுத்தச் சொன்னேன். பைக்கில் பறந்தோம். "வெரசாப் போடா, செய்தி எழுதுற மாதிரியே ஊர்ந்துக்கிட்டு!" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

ஜோசப் தயங்கினார். "சீல் பொட்டிச்சா கம்பெனியில என்னைத் திட்டும், சேச்சி."

"பழுத்துப் போனா ஒங்களையும் திட்டுவாக, என்னையும் திட்டுவாக. எது தேவல?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசில் கேட்டு, கதவைத் திறந்து, புதுச் சீல் வைத்து, அதன் நம்பரைக் காகிதத்தில் மாற்றி எழுதினார். சாமிப் பழம் அங்கே நின்ற லாரி டிரைவர்கள் வயிற்றுக்குள் போனது.

கப்பல் போய்ச் சேரும்வரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மத்தியானம் ஜோசப் கூப்பிட்டார்: "சேச்சி, எல்லாம் பச்ச! ஒண்ணுகூடப் பழுக்கல!" அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

இப்போது மயிலாடும்பாறையிலிருந்துகூட விசாரிக்க வருகிறார்கள். அல்லிநகரத்தில் ஒருவர் குளிர்பதனக் கிடங்குக்கு இடம் பார்க்கிறார். அரை ஏக்கர்காரனின் காய்க்கும் அந்தக் கண்டெய்னரில் இடம் கிடைக்குமா? கம்பெனிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நேரான பதில் இன்னும் இல்லை. நீங்களாக இருந்தால் எப்படிக் கேட்டிருப்பீர்கள்?

துறைமுகம் திறந்ததும் கடலைக் காட்டுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "கடலு எங்கடா போயிரும்? நம்ம காய எப்பிடித் தூக்கி வைக்கிறாகன்னு காட்டு, போதும்" என்கிறாள். கட்டாயம் காட்டுவேன், மச்சான்.

செல்வி அக்காவின் தம்பி,
உங்கள் மச்சினன்