காலியாகக் கிடக்கும் நான்காவது கட்டம்

மூன்று நாளாக ஆரணியில் விடாத மழை. நேற்று தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையை உள்ளறையில் மூங்கில் கழியின்மேல் விரித்துப் போட்டிருக்கிறோம். ஈரக் காற்றைக் குடித்த பட்டுக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த ஆட்டு ரோமமும் பழைய கஞ்சியும் கலந்தாற்போல இருக்கும். உனக்குத் தெரியாததா? நீயும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன்தான். காலையில் என் மகள் வந்து நின்றாள். "நைனா, மட்ச்சி எட்த்துகினு போய் குட்த்துட்டு வந்துர்றேன். எட போட்டா இன்னிக்கே காசு வந்துரும்."

"காயட்டும்" என்றேன்.

"எத்தினி நாளிக்கி?"

"காயிற வரிக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். வாசனை மட்டும் என்னோடு உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட எழுதாதவன் நான். போன மாதம் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோதும் சர்ச்சு கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். யாரோ ஒருவர், "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். சிநேகிதன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பது வருஷத்துக்கு மேல் உன்னைக் குற்றம் சொல்லியே பழகிய வாய் இது.

எழுபதுகளின் கடைசி. ஆரணியிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் சேர்ந்தோம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும் என்பதால் அங்கேயே விடுதியில் தங்கினோம். உன் அண்ணன் சம்பளக்காரர். உனக்கு ஒரு சைக்கிள்கூட வாங்கித் தந்திருந்தார். என் வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா விட்டுப்போனவை ஒரு தறியும், ஜவுளி முதலாளியிடம் வாங்கிய முன்பணமும். அந்த முன்பணம் தீருகிறவரை எங்கள் தறி அவருக்குத்தான் ஓட வேண்டும். வேறு இடத்தில் கூலி கூடக் கிடைத்தாலும் போக முடியாது. சனி, ஞாயிறு நான் வந்து நெய்வேன். மற்ற நாள் அம்மா.

நம் மெஸ்ஸில் மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். ஒருவன் கட்டாவிட்டால் மளிகைக் கடைக்காரன் மற்றவர்கள் கழுத்தைத்தான் பிடிப்பான். அந்தக் கணக்கை மாணவர்களில் ஒருவனே பார்க்க வேண்டும். அந்த வருஷம் நீ. உன் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்பதற்காகவே உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த அழகான கையெழுத்தில்தான் சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் பாக்கிக்காரர்களின் பெயர்களை எழுதினாய். ஏழு பெயர். முதல் பெயர் என்னுடையது. இரண்டு மாத மெஸ் பாக்கி, தொண்ணூற்று நான்கு ரூபாய். தட்டோடு வருகிறவனெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான். நான் உன் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா இது? மொத பேரா என்னுத எய்தி வச்சிகீற?"

"அகர வரிசைடா. உன் பேரு 'அ'ல ஆரம்பிச்சா அதுக்கு நானா பொறுப்பு? உங்க அம்மாவ போய் கேளு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் அன்று சாப்பிடவில்லை.

நவம்பரில் பரீட்சை. ஹால் டிக்கெட் வாங்க ஒரு சீட்டில் நான்கு கட்டங்களில் கையெழுத்து வேண்டும்: நூலகம், விளையாட்டுத் துறை, விடுதிக் காப்பாளர், மெஸ். நான்கும் 'இவனிடம் பாக்கி இல்லை' என்று சொல்ல வேண்டும். மூன்றை வாங்கிவிட்டேன். நான்காவது உன்னுடையது. வெள்ளிக்கிழமை மூன்று மணியோடு ஹால் டிக்கெட் கொடுப்பது முடிகிறது. திங்கட்கிழமை பரீட்சை.

தறியில் ஒரு கருநீலச் சேலை முக்கால்வாசி ஓடியிருந்தது. அறுத்துக் கொடுத்தால் கூலி நூற்றுப் பத்து. தொண்ணூற்று நான்கு மெஸ்ஸுக்கு, மீதி கரண்ட் பில்லுக்கு. அந்தக் கணக்கோடு திங்கட்கிழமையே லீவு சொல்லிவிட்டு ஆரணிக்கு வந்தேன். வீட்டுக்குள் காலை வைத்தால் இருட்டு. இரண்டு தவணை கரண்ட் பில் நிலுவை என்று பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே இதே மாதிரி மழை. கூரையில் பதித்த கண்ணாடி ஓடு ஒன்றுதான் வெளிச்சம். கருநீலப் பாவு நூலில் அறுந்த இழையைக் கண்ணால் தேட முடியாது, விரலால்தான் தேட வேண்டும். கால் இறக்கி உட்காரும் தறிக்குழியில் ஊற்றெடுத்தது. அம்மா சொம்பால் மொண்டு கொட்டிக்கொண்டே இருக்க, நான் கணுக்கால் தண்ணீரில் மிதியை மிதித்தேன். இரண்டு நாளில் முடிய வேண்டியது மூன்று நாளாயிற்று. முதலாளி வெள்ளிக்கிழமையில் யாருக்கும் காசு எடுத்துக் கொடுக்க மாட்டார். லட்சுமி வெளியே போய்விடுவாளாம். வியாழக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் எல்லாம் போயிற்று.

வியாழன் மூன்று மணிக்குச் சேலையை அறுத்தேன். மடிக்கும்போதே அம்மா சொன்னார்கள்: "டேய், சில்லுனு கீதுடா. ராவிக்கி விரிச்சிப் போட்டுட்டு காலைல எட்த்துகினு போ."

"காலைல வெள்ளிக்கிழமம்மா."

"ஈரப் பட்ட தராசுல வைக்கக் கூடாதுடா. உங்க நைனா ஒரு நாளும் வச்சதில்ல."

எனக்குத் தெரியும். நெசவுக்காரர் வீட்டில் பிறந்த எவனுக்கும் தெரியும். முதலாளி பட்டை எடை போட்டுத்தான் கொடுக்கிறார், சேலையாக எடை போட்டுத்தான் வாங்குகிறார். பட்டில் கொஞ்சத்தை ஒதுக்கிக்கொண்டு, குறைந்த எடையை ஈரத்தால் நிரப்புகிறவர்களும் உண்டு. அதனாலேயே ஒழுங்கான நெசவாளி மழைநாளில் காயாத சேலையோடு படியேற மாட்டான். தெரிந்தும் நான் ஏறினேன். முட்டாள்தனம் என்று இன்றைக்கு எழுதுகிறேன். இதைப் படித்து நீ சிரிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலாளி தராசைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குட்த்ததவிட எட கூட நிக்குது. பட்டு இன்னா குட்டி போட்ச்சா?"

கடையில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.

"ஈரங்க மொதலாளி. மூணு நாளா மழ."

"மழ எல்லார் ஊட்டு மேலயும்தான் பேயுது. அதுக்குள்ள எவ்ளோ பட்டு கம்மியாச்சின்னு காஞ்சாதான் தெரியும். சேல இங்கியே இருக்கட்டும். சனிக்கிழம வா."

"நாளிக்கி எனக்கு கடைசி நாளுங்க. மெஸ்ஸுக்கு கட்டணும். கூலிய குடுங்க, கம்மியா இருந்தா அடுத்த சேலைல புட்ச்சிக்கோங்க."

அவர் கொஞ்சம் இளகினார் என்றே சொல்ல வேண்டும். "அவ்ளோ அவசரம்னா ஒண்ணு செய்யி. நூறு ரூபா தரேன். முன்பணத்துல சேத்து எய்தி கையெய்த்து போட்டுட்டுப் போ."

"கூலி கேட்டா கடன் குடுக்கிறீங்களே" என்றேன். "நான் நெய்ஞ்சது கெடக்குது உங்க தராசுல."

"அப்ப சனிக்கிழம வா."

கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் நான் பட்டைத் திருடியதாகவே ஆகியிருக்கும் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் வெறுங்கையோடு வந்து உன் முன்னால் நின்றேன். மெஸ் வராந்தாவில் மேசை போட்டு, பிஸ்கட் டின்னில் காசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மணி பன்னிரண்டு. சீட்டை நீட்டினேன்.

"கையெய்த்து போடு. திங்கக்கிழம காலைல கட்டிர்றேன். காசு நாளிக்கி வந்துரும்."

நீ சீட்டைத் தொடவில்லை. "கட்டின அன்னிக்கி போட்றேன்டா."

"திங்கக்கிழம பரீட்சடா! இன்னிக்கி மூணு மணியோட முடிஞ்சிரும்."

"தெரியும். நான் போட்டா நீ கட்டிட்டன்னு அர்த்தம். கட்டலன்னா அறுவது பேரு தலைல வுழும். அதுல பாதிப் பேரு உன்னவிட இல்லாதவன்."

"நான் கட்டாம பூடுவேன்னு சொல்றியா?"

"நீ கட்டுவ. அது எனக்கு தெரியும், நோட்டுக்கு தெரியாது. கணக்குல எய்தற பொய்யி சோத்துல கெடக்குற கல்லு மாதிரிடா. எவன் பல்லுலயாவது மாட்டியே தீரும்."

பிறகு நீ எழுந்தாய். பூட்டியிருந்த உன் சைக்கிளின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாய். "வா. பஜார்ல அடகுக் கடை கீது. இத வச்சா நூறு ரூபா குடுப்பான். ஒரு மணிக்குள்ள வந்துரலாம். ஜல்தி வாடா."

"உன் சைக்கிளு எனக்கு எதுக்கு?"

"நாளிக்கி காசு வந்தா மீட்டுக் குடு. பேஜார் பண்ணாத."

"எனக்கு உன் கையெய்த்துதான் வேணும். சைக்கிளு வேணாம்."

"எனக்கு சைக்கிளுதான் குடுக்க முடியும். கையெய்த்து முடியாது."

சாவி மேசைமேல் கிடந்தது. ஒன்றரை மணிவரை தூணில் சாய்ந்துகொண்டு நான் அதைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். ஒருவன் பின்னால் ஒருவனாக வந்து பணம் கட்டினார்கள், ரசீது எழுதினாய், நடுவில் இரண்டு தரம் சாவியை என் பக்கம் விரலால் நகர்த்தினாய். பலகையில் என் பெயரை எழுதி ஊரைச் சிரிக்கவைத்தவனிடம் பிச்சை வாங்குவதா என்று என் மண்டைக்குள் ஒரே சத்தம். இரண்டு மணிக்கு நான் பஸ் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை சேலை காய்ந்திருந்தது. எடை அரைப் பலம்கூட முன்பின் இல்லை. "சரியா கீதுப்பா" என்று முதலாளி நூற்றுப் பத்தை எண்ணிக் கொடுத்தார். அவ்வளவுதான். திங்கட்கிழமை எல்லோரும் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும் நேரத்துக்கு நான் மெஸ்ஸுக்கு வந்து தொண்ணூற்று நான்கு ரூபாயை உன் மேசைமேல் வைத்தேன். நீ எண்ணிப் பார்த்து ரசீது எழுதிக் கையெழுத்திட்டாய்.

"அந்த சீட்டையும் குடு, இப்ப போட்றேன்" என்றாய்.

"இப்ப எதுக்கு?"

"ஏப்ரல்ல எய்துடா. என் நோட்டு, புக்கு எல்லாம் உனக்கே. நானே ஊட்டுக்கு கொண்டாந்து தரேன்."

விடுதியிலிருந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஏப்ரல் வந்தது, போயிற்று. அதற்கடுத்த நவம்பரும் போயிற்று. நான் எழுதவில்லை. நீ இரண்டு முறை வீட்டுக்கு வந்தாய். நான் தறிக்குழியை விட்டு எழவே இல்லை. புத்தகங்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய்.

அவற்றை நான் படித்தேன். இதையும் உன்னிடம் சொன்னதில்லை. தறியில் நாடாவை ஓட்டிக்கொண்டே படித்தேன். ஆங்கிலம், கணக்கு, சட்டம் என்று எவரும் சொல்லித்தராமல் நானே தட்டுத்தடுமாறிக் கற்றேன். எண்பதுகளில் இந்தத் தெருவில் கூலிப் பேச்சு, முன்பணத் தகராறு, கரண்ட் ஆபீஸ் மனு எதுவானாலும் என்னிடம்தான் வந்தார்கள். பட்டம் இல்லாதவன் எழுதிய மனுவை எந்த அதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனாலும் 'நீங்க இன்னா படிச்சிகீறீங்க?' என்று எவனாவது கேட்டால் உன் கதையைத்தான் சொன்னேன். ஒரு கையெழுத்தில் என் படிப்பைக் கெடுத்தவன் என்று.

ஒரு கல்யாணப் பந்தியில் உன் எதிரிலேயே சொன்னேன். அப்போது நீ செய்யாற்றில் ஒரு கம்பெனி ஆபீசில் இருந்தாய். "இவுரு ஒரு கையெய்த்து போட்டிருந்தா இன்னிக்கி நானும் ஆபீசரு" என்றேன். பக்கத்து இலைக்காரர் உன்னிடம் திரும்பி, "ஒரு கையெய்த்துல உங்களுக்கு இன்னா சார் தேஞ்சி பூடும்?" என்று கேட்டார். பந்தியே உன்னைப் பார்த்தது. சைக்கிள் சாவியைப் பற்றி நீ சொல்லப் போகிறாய் என்று காத்திருந்தேன். ஏப்ரலைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்று காத்திருந்தேன். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பந்தியில் நான் தலைகுனிந்திருப்பேன்.

நீ தண்ணீரைக் குடித்தாய். "அன்னிக்கி போட முடியலீங்க" என்றாய். ரசத்துக்குக் குழி பண்ணினாய்.

இத்தனை வருஷமாக ஊரில் நான் சொன்ன கதையில் சைக்கிள் கிடையாது. ஏப்ரலும் கிடையாது. அவை இரண்டும் உனக்கு மட்டும் தெரியும். நீ போய்விட்டதால் இப்போது எனக்கு மட்டும் தெரியும். அது கனமாக இருக்கிறது, அதனால் இங்கே இறக்கிவைக்கிறேன்.

பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்டு இன்றும் என்னிடம் சிலர் வருகிறார்கள். சோற்றில் கிடக்கும் கல்லைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

பெட்டியிலிருந்து அந்தச் சீட்டை இன்று எடுத்தேன். மூன்று கட்டங்களில் மை மங்கிப்போயிருக்கிறது. நான்காவது காலி. அதோடு மடித்து வைத்திருக்கும் ரசீதில் தொண்ணூற்று நான்கு ரூபாய், உன் கையெழுத்து, இன்னும் அச்சுப் போலவே. காலிக் கட்டமும் பொய் சொல்லவில்லை, ரசீதும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன், எப்போதும்.

ஆனால் அந்தக் கரும்பலகையில் ஏழு பேரில் என் பெயரை முதலில் எழுதினாயே, அந்தப் பாக்கி இன்னும் நிற்கிறது. அகர வரிசையாவது, மண்ணாவது. நீ செத்துப்போனாய் என்பதற்காக அதை நான் தள்ளுபடி செய்ய மாட்டேன்.