நான் திருத்திய வாக்கியம்

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஆட்டோகிளேவ் அறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. நீராவியில் வெந்த துணிக்கட்டுகளின் வாசனை. வேறு யாருக்கும் பிடிக்காத அதை "இட்லித் துணி வாசம்" என்று நீதான் சொல்வாய். டிரம்மை எடுக்கப் போனவள் எடுக்காமலே திரும்பிவிட்டேன். மறுபடி போனேன், அப்போதும் முடியவில்லை. கடைசியில் புதிதாகச் சேர்ந்த சிஸ்டரை அனுப்பினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கொஞ்ச நாளாகவே ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விழிதியூரில் வீட்டில் இருந்தால் காரைக்காலுக்கு வரத் தோன்றுகிறது. டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டு வந்தால், பஸ் ஏறாமல் கடற்கரை வரை நடக்கிறேன். அங்கே போனதும் உட்காராமல் திரும்புகிறேன். ஜெர்மனிக்கு எடுத்துப்போகும் பெட்டியை மூன்று முறை அடுக்கிப் பிரித்தாகிவிட்டது. "போகப் புடிக்கலையா, இல்ல இருக்கப் புடிக்கலையா?" என்று அம்மா கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை. உன்னிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

அந்த ஆட்டோகிளேவ் அறையில்தான் நாம் ஒரு வருடம் ஜெர்மன் படித்தோம். சாயங்காலம் போனில் வகுப்பு. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், யாரும் எட்டிப் பார்க்காத அந்தச் சூட்டில் வீட்டுப்பாடம். தொடங்கியது நான். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டேன். தனியாகச் சேரப் பயந்து உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த ஊசித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நீ சொன்னாய்:

"எங்க வாப்பா சவுதி, எம் மாப்புள்ள துபாய். சின்ன வயசுலேருந்து வாசல்ல நின்னு கைய ஆட்டிக்கிட்டே இருக்கேன் செல்வி. ஒரு தடவ நான் போறேன். அவங்க நின்னு ஆட்டட்டும்."

உன்னைப் போலப் படிக்க எனக்கு வராது. நான் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். நீ சண்டை போட்டுப் படித்தாய். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை என்று டீச்சர் சொன்னபோது, "மேசை ஆம்பளையாம்ல. அதுக்கு மீசையா மொளைச்சிருக்கு?" என்றாய். சிறுமி என்ற சொல் அவர்களுக்கு அஃறிணை என்று தெரிந்த நாளில் உனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ரெண்டு பொம்பளைப் புள்ளைய பெத்து வச்சிருக்கேன். அதுங்கள கத்தியோட சேத்து வச்சிருக்கானுவோ பாரு."

வயிற்றுப்போக்கோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் ஸ்டோர் பக்கம் ஒதுங்கிவிட்டேன். நீ நேராகப் போய், எங்கே வலிக்கிறது என்று ஜெர்மனில் கேட்டாய். அவர் விழித்தார். பிரெஞ்சுக்காரர். திரும்பி வந்து என் தோளில் ஒரு தட்டு தட்டினாய். "பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருக்கு வேற யாரு வருவா? நம்ம போயி தப்பான மொழியப் படிச்சிக்கிட்டு இருக்கோம்."

அப்படித்தான் இருந்தோம். இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

நோயாளியும் நர்ஸும் பேசிக்கொள்வது போல ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் நர்ஸ், நீ நோயாளி. கவிழ்த்து வைத்த டிரம்மின்மேல் நீ உட்கார்ந்திருந்தாய். எங்கே வலி என்று ஜெர்மனில் கேட்டேன். தலையில் என்றாய். எப்போதிலிருந்து என்றேன். "ஸைட் ஃபியர் மோனாட்டெ" என்றாய். நான்கு மாதமாக.

நான் புத்தகத்திலிருந்து நிமிராமல் சொன்னேன், "மோனாட்டெ இல்ல, மோனாட்டென். ஸைட் வந்தா கடைசில ன் வரணும். எத்தன தடவ சொல்றது?"

"மோனாட்டென்" என்று நீ திருப்பிச் சொன்னாய். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

நீ பயிற்சிக்காகச் சொன்னாயா, நிஜத்தைச் சொன்னாயா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நெற்றியின் ஓரத்தை நீ அழுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். போனையே பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் வலி என்று நானாக முடிவு செய்திருந்தேன். பத்து வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் நான். நீயும்தான். உனக்கு நீயே மாத்திரை போட்டுக்கொண்டாய்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை உன் பெரிய மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, உம்மா எந்திரிக்க மாட்டேங்குறாங்க." புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸில் உன் பக்கத்தில் நானும் உன் உம்மாவும் இருந்தோம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். அங்கிருந்த டாக்டர் கேட்டார், "முன்னாடி தலைவலி இருந்துச்சா? எத்தனை நாளா?"

உன் உம்மா என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சொன்னேன், "நாலு மாசத்துக்கு மேல இருக்கும் சார்."

சொன்ன பிறகுதான், அது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைவு வந்தது. மறுநாள் மதியம் நீ போய்விட்டாய். உன் கணவர் துபாயிலிருந்து வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

ஜெர்மன் பரீட்சைக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, வீட்டில் இருப்பதைவிடச் சென்னைக்குப் பஸ்ஸில் போவது மேல் என்று போனேன். பேச்சுத் தேர்வுக்கு இருவராக உட்கார வேண்டும் இல்லையா, உன் இடத்தில் சேலத்துப் பெண் ஒருத்தி. வெளிநாடு போகும் தோழிக்கு விருந்து ஏற்பாடு செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தப் பெண் பயத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு செய்தாள். எந்தத் தப்பும் என் காதில் விழவில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்பது மட்டும் கேட்டது. பதில் சொன்னேன். இருவருமே தேறினோம்.

முடிவு வந்த அன்று உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். பாஸ் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே மற்றதையும் சொன்னேன். "உம்மா, அவ எங்கிட்ட சொன்னா. தலை வலிக்குது, நாலு மாசமாச்சுன்னு சொன்னா. நான் அவ பேச்ச திருத்துனேன். என்னான்னு கேக்கல."

அவர் தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தார். "எங்கிட்டயுந்தான் சொன்னா. தைலத்தத் தேச்சிக்கிட்டுப் படுன்னேன்." அரிசியை உலையில் போட்டார். பிறகு, "போயிட்டு வாம்மா, துஆ செய்யிறேன். சாப்புட்டுட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டேன். அவர் திட்டியிருந்தால் அன்றாவது தூங்கியிருப்பேன். உன் மகள்கள் இருவரும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்னவளுக்கு உன் முகம் வந்துகொண்டிருக்கிறது. அதிகம் பார்க்க முடியவில்லை.

இப்போது வார்டில் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நச்சரிப்பு சிஸ்டராம். நேற்று பூவத்திலிருந்து ஒரு பெரியவர் காலில் கட்டு மாற்ற வந்தார். கூட வந்த அவர் மனைவி, கிளம்பும்போது போகிற போக்கில், "மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். நான் விடவில்லை. உட்காரவைத்தேன். எத்தனை நாளாக, எப்போதெல்லாம், படுத்தாலும் வாங்குகிறதா என்று கேட்டேன். இ.சி.ஜி. எடுத்து, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, கொஞ்சம் ரத்தசோகை என்றார்.

"ஒன்னும் இல்லாததுக்கு இம்புட்டு நேரம் உக்கார வச்சிட்டியேம்மா, பஸ்சு போயிருச்சு" என்று அந்த அம்மா திட்டிக்கொண்டே போனார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது. மனம் அடங்கியதா என்றால், இல்லை. அடங்க வேண்டும் என்றும் இப்போது நினைப்பதில்லை.

அடுத்த மாதம் போகிறேன். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத கிழவர்கள் முணுமுணுப்பதைக் கேட்கப் போகிறேன். பாதி புரியாது. புரியாவிட்டால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்பேன். தப்பும் தவறுமாகவாவது கேட்டுவிடுவேன்.