விரல் நீட்டிய திசை

மார்செய் நகரில் இருக்கும் அன்பு மகள் லுசெத்துக்கு, மஃபாத் மலையிலிருந்து உன் பெரியப்பா ஒனெசிம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது. பயறு காய்ந்து பறிக்கிற பதத்தில் நிற்கிறது. போன வாரம், சாலை இல்லாத நம் மலைக்குச் சாமான் கொண்டுவரும் ஹெலிகாப்டரை ஓட்டுகிறவன் நம் விடுதியில் என் தொத்திறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, இந்தத் தீவிலேயே இப்படி ஒரு கைப்பக்குவம் இல்லை என்றான். மூன்று தரம் சொன்னான். ஒரு தரமாகவும் இருக்கலாம்.

உன் கடிதம் வந்தது. உன் அப்பா என் மடியில் தலை வைத்து, உன் பெயரைச் சொல்லிக் கண் மூடியதாக நான் எழுதியதைப் படித்து மனம் ஆறிப்போனதாக எழுதியிருந்தாய். அதை நாலு தரம் படித்தேன். பிறகு போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டேன்.

மலையேற வருகிறவர்களிடம் நான் சொல்லும் கதை உனக்குத் தெரியும். நம் பாட்டனுக்குப் பாட்டன் காப்பித் தோட்டத்திலிருந்து தப்பி, எழுபது அடிமைகளோடு உச்சிக் குகையில் ஒளிந்திருந்தார் என்பேன். உன் அப்பா ஃப்லோரான் சௌசௌ நறுக்கிக்கொண்டே, "ஏண்ணே, போன வாரம் முப்பது பேருதானே? அதுக்குள்ள பெத்துப் போட்டுட்டாங்களா?" என்று கேட்பான். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நானும்தான்.

உன் அப்பா இறந்த வாரம், செவ்வாய்க்கிழமை, லியோனிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் அந்தக் குகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். வழி கேட்கிறவனுக்கு நம் ஆட்கள் விரல் நீட்டுவதில்லை. கூடவே நடந்து போவார்கள், இல்லையென்றால் தெரியாது என்பார்கள். அடிமைகளைப் பிடிக்க வேட்டைக்காரர்கள் ஏறி வந்த காலத்திலிருந்து அப்படித்தான். எனக்கு அடுப்பில் குழம்பு கொதித்தது. அந்தக் குகையை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கிழக்குச் சரிவைப் பார்த்து விரலை நீட்டிவிட்டேன்.

மதியம் மழை பிடித்தது. அவர்கள் கிழக்குச் சரிவுக்குப் போன விஷயம் உன் அப்பாவுக்குத் தெரிந்ததும், "அங்க பாதையே கெடையாதேண்ணே! எவன் காட்டுனான்?" என்றான். தெரியாது என்றேன். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைத் தேடிக் கிளம்பினான்.

அந்தக் கணவனும் மனைவியும் பாதியிலேயே திரும்பி, வேறு பக்கமாக இறங்கி வந்துவிட்டார்கள். நான்தான் சோறு போட்டேன். குழம்பை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்கள். எழுபது பேர் கதையை மறுபடியும் சொன்னேன். அப்போது உன் அப்பா பள்ளத்தில் கிடந்திருக்கிறான். மூன்றாம் நாள் ஹெலிகாப்டரில் போனவர்கள்தான் பார்த்தார்கள். கடைசியில் அவன் யார் பெயரைச் சொன்னான் என்று யாருக்குத் தெரியும், லுசெத். என் மடி அங்கே இல்லை. மூலிகை பறிக்கப் போனான் என்று காவலர்களிடம் சொன்னதும் நான்தான். பாதிரியாரும் அதையே பூசையில் சொன்னார். நான் ஆமென் சொன்னேன்.

அழுகை வரவில்லை. வேலை நடக்கிறது. படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போடுகிறேன். நேற்று வந்தவர்கள் குகைக் கதையைக் கேட்டார்கள். ஆரம்பித்தேன். எத்தனை பேர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுபோயிற்று. அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

டிசம்பரில் கல்லறைக்குப் பூ வைக்க வருவதாக எழுதியிருக்கிறாய். வரும் நாளைக் குறித்து எழுது. அன்றைக்கு நான் வீட்டில் இருக்கலாமா, கீழே ஆற்றங்கரை ஊருக்குப் போய்விடட்டுமா என்பதையும் சேர்த்து எழுது. எது எழுதினாலும் அப்படியே செய்கிறேன். சாவி பக்கத்து வீட்டு ஜெர்மேனிடம் இருக்கும். ஏறி வரும் உன் கால்களை மாதா காக்கட்டும்.

உன் பெரியப்பா,
ஒனெசிம்