சிவப்புத் துணி கட்டாத செவ்வாய்க்கிழமை

மார்ச் 4

குருவிக்கு,

முதலில் "அன்புள்ள" என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும். நான் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

இருபத்தாறு வருஷம் கழித்து இவளுக்கு என்ன வந்தது என்று பார்ப்பாய். நம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தாளே ஊசி, அவளைப் போன வாரம் பல் டாக்டர் வாசலில் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தும் வாய் ஓயவில்லை. "உன் கூட்டாளி மகனோட வெளிநாடு போறா. இருபத்தெட்டாம் தேதி. இனி வரமாட்டாளாம்" என்றாள். "அவ என் கூட்டாளி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நீ போய்விட்டால் நான் யாரைப் பிடித்துக் கேட்பேன்?

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் செவ்வாய்க்கிழமை. விரிப்புகளை இஸ்திரி போடும் ரோலரில் காலை ஷிப்ட் நீ, மத்தியான ஷிப்ட் நான். அந்த இரைச்சலில் வாயும் காதும் யாருக்கு உதவியது? மெஷினில் கோளாறு என்றால் போகிறவள் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போவாள். கட்டியிருந்தால் வருகிறவள் கை வைக்கமாட்டாள். பதினோரு வருஷம் நமக்குள் அதுதான் பேச்சு.

அன்று துணி இல்லை. நீயும் இல்லை. விசில் ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிட்டாய். இரண்டாம் ரோலரில் ஏழாவது விரிப்பை விடும்போது ஓரம் மடங்கியது, நீவிவிட்டேன். விரல் பட்டால் தடுப்புக் கம்பி மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"ஏம்மா, நீ நல்லது எதையாவது ஞாபகம் வெச்சிருக்கியா?" என்று என் மகள் கேட்கிறாள். வைத்திருக்கிறேன். அவள் பிறந்தபோது பதினைந்து நாள் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவள் நீ. ராத்திரி வேலை முடிந்து என்னைப் பார்க்கப் பிரசவ வார்டுக்கு வந்தபோது உன் கால் இரண்டும் வீங்கியிருந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இது இன்னும் எரிகிறது.

கேள்வி ஒன்றுதான். அன்றைக்கு ஏன் துணி கட்டவில்லை? பதில் எழுதாமல் போனாயானால் அதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
நீயே பெயர் வைத்த தகரம்

இடது கை எழுத்து இது. பொறுத்துப் படி.


மார்ச் 8

அன்புள்ள தகரத்துக்கு,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

"அத்தை, உங்களுக்கு லெட்டர், கையால எழுதினது" என்று மருமகள் ஏதோ அதிசயத்தைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தாள். உறையின்மேல் இருந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்க மனம் வரவில்லை. நீயா எழுதினாய்?

எனக்கு முழங்கால் வலி. மற்றபடி குறையில்லை. வீடு முழுக்கப் பெட்டியும் கயிறும். உட்கார இடம் தேட வேண்டியிருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முந்தின வாரம் புது சூப்பர்வைசர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். டை கட்டிக்கொண்டு நீராவிக்குள் வேர்த்து நிற்பாரே, அவர்தான். மெஷினில் துணி கட்டக் கூடாது, பார்வையிட வருகிறவர்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது, கோளாறு இருந்தால் வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் எழுத வேண்டும், அடுத்த ஷிப்ட்காரர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நோட்டீசில் இருந்தது. நான் எழுதினேன். "இரண்டாம் ரோலர். தடுப்புக் கம்பி வேலை செய்யவில்லை. ஓட்ட வேண்டாம்." அதற்குக் கீழே உன் கையெழுத்து இருந்தது.

விசாரணையில் நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. "நான் கையெழுத்துப் போடும்போது அங்க ஒண்ணும் எழுதலை. அப்புறம் வந்து எழுதியிருக்கா" என்றாய். கையில் கட்டோடு இருந்தவள் பேச்சை யார் தட்டுவார்கள்? நான் திருட்டுத்தனமாக எழுதினவள் ஆனேன். அழுக்குப் பிரிக்கும் அறைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான். பதினேழு வருஷம் ரத்தமும் வாந்தியுமாக வருகிற விரிப்புகளை உதறினேன். ஒரு தடவை பல்செட் ஒன்று விழுந்தது. அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க மூன்று வார்டு ஏறி இறங்கினேன். அவர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, லேட்டாகக் கொண்டுவந்ததற்குத் திட்டினார்.

நீ வார்டில் இருந்தபோது மூன்று நாள் வந்தேன். "தூங்குறா" என்று உன் வீட்டுக்காரர் மூன்று நாளும் சொன்னார்.

எனக்கும் ஒரே கேள்விதான். நோட்டில் எழுதியிருந்தது. ஏன் இல்லை என்றாய்?

அன்புடன்,
குருவி


மார்ச் 12

அன்புள்ள குருவிக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது.

இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். என் பெயரைப் படம் வரைகிற மாதிரி வரையத் தெரியும், அவ்வளவுதான். யாராவது காகிதம் நீட்டினால், "கண்ணாடியை மறந்துட்டேன்" என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று, "அநியாயமா இருக்கே" என்று பொதுவாகச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவள், "ஆமாங்கறேன், ஞாயித்துக்கிழமையும் வரச்சொன்னா எப்படி?" என்பாள். விஷயம் தெரிந்துவிடும். இப்படியே ஓட்டினேன்.

அன்று வாசல் மேசைக்காரர் நோட்டைத் தள்ளி, "படிச்சுட்டுப் போடுங்க" என்றார். நீல மையில் மூன்று வரி. படிக்கிறவர்கள் எவ்வளவு நேரம் பார்ப்பார்களோ அவ்வளவு நேரம் பார்த்தேன். போட்டேன். உள்ளே போய்க் கைப்பிடியைப் பார்த்தேன். துணி இல்லை. ஓட்டினேன்.

விசாரணை அறையில் ஐந்து ஆண்கள். "படிச்சீங்களா, இல்லையா?" என்றார் டை. படித்தேன் என்றால், படித்துவிட்டும் கையை விட்ட முட்டாள். படிக்கத் தெரியாது என்றால் ரோலர் வேலை போகும். அதைவிட, அந்த ஐந்து முகமும் என்னைப் பார்க்கப்போகிற பார்வை. என் வாய் தானாக ஒன்றைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன்.

கை ஆறும் வரை ஆறு மாதம் வீட்டில் கிடந்தேன். அப்போது பக்கத்துத் தெரு நர்ஸ் வீட்டில் போய் இடது கையால் எழுதப் பழகினேன். அதற்குப் பிறகாவது உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உன்மேல் கோபமாக இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆனாலும் ஒன்று கேட்பேன், கேட்காமல் என்னால் முடியாது. பதினோரு வருஷம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியவே தெரியாதா?

தகரம்


மார்ச் 16

அன்புள்ள தகரத்துக்கு,

தெரியும்.

நீ சேர்ந்த இரண்டாம் மாதம் லீவுப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாய். அன்றே தெரியும். அதற்குப் பிறகு எந்த நோட்டீஸ் வந்தாலும் நான் உன் பக்கத்தில் வந்து நின்று, "பாருடி இந்தக் கூத்தை" என்று ஆரம்பித்து முழுக்கச் சொல்லித் திட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு யாரையும் திட்டத் தெரியாது. உனக்காகத் திட்டினேன்.

அந்த வாரம் உன் ஷிப்ட் நேரம் தள்ளிப்போயிருந்தது, பெஞ்சில் சேர்ந்து உட்கார நேரமில்லை, நாம் வாசலில் மட்டும்தான் பார்த்துக்கொண்டோம். துணி நோட்டீசை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று போயிற்று.

செவ்வாய்க்கிழமை விசிலுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வாட்ச்மேன் வந்து, மகனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள் என்றார். துணி கையில் இருந்தது. டை எதிரே நின்றுகொண்டிருந்தார். துணியைப் பைக்குள் திணித்துவிட்டு நோட்டில் எழுதினேன். வாசலைத் தாண்டியதும், இவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. இரண்டு அடி திரும்பி நடந்தேன். பிறகு, யாராவது சொல்லிவிடுவார்கள் என்று போய்விட்டேன். மறந்துபோனது இல்லையடி. நினைவு வந்தும் போனேன்.

விசாரணையில், "அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்று சொன்னால் நான் தப்பித்திருப்பேன். வாயைத் திறந்தேன். உன் கையில் இருந்த கட்டைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே. அழுக்கு அறை எனக்குச் சரியான இடம்தான் என்று எனக்கே தோன்றியது. ஆனால் நீ பொய் சொன்னதில் கோபம் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தது.

உன் எழுத்து நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது.

குருவி


மார்ச் 20

என் அன்பான குருவிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். மறுநாள் என்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் ஊசியின் வீட்டுக்குப் போய், பாய்லர் அண்ணனையும் மேசைக்காரரையும் வரச் சொன்னேன். நம் ஆட்களில் நடமாடுகிறவர்கள் அவ்வளவு பேர்தான். உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

"குருவி எழுதிட்டுத்தான் போனா. பொய் சொன்னது நான். எனக்கு அப்போ படிக்கத் தெரியாது."

கூரை இடிந்து விழும் என்று நினைத்தேன். பாய்லர் அண்ணன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "அது எல்லாருக்கும் தெரியுமேம்மா" என்றார்.

"எது?"

"படிக்கத் தெரியாதுங்கறது."

ஊசி தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய்யும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேசைக்காரரைக் கேட்டேன். "நீங்க கையெழுத்துப் போடறப்போ அது எழுதியிருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றார். "பின்னே ஏன் சொல்லலை?" என்றேன். "யாரும் என்னைக் கேக்கலையே" என்றார். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அண்ணன் அதை எடுக்கவில்லை.

நான் ஒருவரையும் திட்டவில்லை, நீ நம்பமாட்டாய். எந்த வாயால் திட்டுவது?

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள் ஊசி. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். உன் மகன் அப்போது சின்னப் பையன். தன் அம்மா திருட்டுத்தனமாக எழுதி மாட்டிக்கொண்டவள் என்று யாராவது அவன் காதில் போட்டிருப்பார்கள். அதை என் வாயால் மாற்றாமல் உன்னை விமானம் ஏற விடமாட்டேன்.

புதன்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்றால் எழுது, வரமாட்டேன். மனதில் வைத்துக்கொள்ளவும் மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

உன்
தகரம்


மார்ச் 22

அன்புள்ள தகரத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் இரண்டு அடியையும் விடாமல் சொன்னேன். அப்போதே பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பையன், "உங்கம்மா திருட்டுத்தனமா எழுதினவ" என்று சொன்னானாம். இவன் அவனோடு சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தானாம். கீழே விழுந்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

பெட்டிக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவங்க வந்தா நான் என்னன்னு கூப்பிடணும்மா?" என்றான்.

"பெரியம்மான்னு கூப்பிடு" என்றேன். "என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ."

புதன்கிழமை வந்து அன்றே திரும்பிப் போகிற பேச்சு வேண்டாம். நாங்கள் கிளம்புகிறவரை இரு. கட்டிவைத்த மெத்தைகளில் ஒன்றை அவிழ்த்து வெயிலில் போட்டிருக்கிறான்.

குருவி