மெஷின் நிற்காத பக்கம்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், நானும் சேர்ந்துகொள்வேன், அதனால்தான் கடிதம். என் நாவல் அச்சாகி வந்துவிட்டது. ஒரு வரிகூட மாறவில்லை.

அதை எழுதிய விதம் உனக்குத் தெரியாது. பட்டாளத்தில் இருந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத உன் அப்பா, கால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தால் மட்டும் காது கொடுப்பார். அதனால் முன்னறையில் அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்தேன். பொய் வந்தால் மெஷின் நின்றுவிடும், வேறு விமர்சனம் கிடையாது. பதுங்குகுழிக்கு நான் தாராளமாக நிலா வெளிச்சம் ஊற்றியபோது நின்றது. மழைக்காலத்தில் ஏது நிலா என்று முனகிவிட்டு மறுபடி மிதித்தார். அடிபட்டுக் கிடந்த எதிரிச் சிப்பாய் தண்ணீர் கேட்டான் என்று என்றோ சொல்லிப் பாதியில் நிறுத்தியிருந்தாரே, அதன் மிச்சத்தை நானே நிரப்பி, நம் ஆள் குப்பியைத் திறந்து கொடுப்பதாக எழுதியிருந்தேன். மெஷின் நின்றது. பிறகு திரும்பாமலே, "நான் குடுக்கல. மூடியைத் திருகிட்டு நடந்துட்டேன்" என்றார். கதைதானே, அதிலாவது கொடுத்துவிட்டுப் போகட்டுமே என்றேன். "என்னை நல்லவனாக்க அவனுக்கு எதுக்குத் தண்ணி குடுக்கற? அவன் தாகத்தோடதான் போனான். அதையும் அவன்கிட்டேருந்து பிடுங்காத" என்றார்.

அன்றே மாற்றி எழுதினேன். அதன் பிறகுதான் பதிப்பாளர் முரண்டு பிடித்தார், இப்படி ஒருவனை வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுத்தால்தான் புத்தகம் என்றார். அப்பாவை நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நீயும் மன்றாடினாய். உன்மேல் கோபமில்லை, பாசம்தானே அது, நானே பல நாள் தயங்கினேன். ஆனால் அந்தத் தண்ணீர் வந்தால் அட்டையில் என் பெயர் வராது என்று சொல்லிவிட்டேன். பதிப்பாளர் நேரிலேயே வாதாட வந்துவிட்டார். மன்னிப்பு, வாசகர் என்று அவர் பேசி ஓய்ந்ததும் அப்பா, "மன்னிக்கச் சொல்லி நாங்க எழுதலையே சார்" என்றார். அடுத்த மூச்சில், "உங்க பேன்ட் தரையில இழுக்குது, கழட்டிக் குடுங்க, மடிச்சுத் தச்சுத் தர்றேன்" என்றார். பாவம், அப்பாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு வேலையில்லாமல் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தார். பேன்ட் முடிந்தபோது அவரும் முடிவுக்கு வந்திருந்தார். "அப்படியே போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு, உயரம் சரியாக வந்த பேன்ட்டில் நிமிர்ந்து நடந்து போனார்.

நேற்றுப் பார்சல் வந்ததும் பிரித்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். சிப்பாய் கேட்கிறான், மூடி திருகப்படுகிறது, காலடிச் சத்தம் தூரமாகிறது. மெஷின் நிற்கவில்லை குட்டி. கடைசி வரி வரை ஒரே சீராக ஓடியது.

உனக்கொரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் தேடி ஓடாதே, முதலிலிருந்து படி. எங்கே போனாலும் தலைநிமிர்ந்து நன்றாக இரு, எங்கள் ஆசி உன்னைச் சுற்றியே இருக்கும். மறக்காமல் இடுப்பளவு எழுது, அப்பா துணி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உன்னை நினைத்தபடி,
அம்மா